ஏழு புள்ளி ஒன்று புள்ளி நாலு

(இடம்: மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. 10க்கு 14 அடி ஹால். மருமகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. மனைவியும் குழந்தையும் ஊருக்குப் போயிருக்கிறார்கள். மாமா திருநெல்வேலிப் பக்கத்தில் முப்பத்தைந்து வருஷமாக மைக் செட் வைத்திருப்பவர். கல்யாணம் ஒன்றுக்காகச் சென்னை வந்தவர், ராத்திரி எட்டரை மணி பஸ்ஸுக்கு முன்னால் மருமகன் வீட்டை எட்டிப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறார். இந்த மருமகன் நான் இல்லை. என் வீட்டிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.)

மாமா: (செருப்பைக் கழற்றிக்கொண்டே அண்ணாந்து பார்த்து) மருமகனே, கூரையில் என்ன நாலு வட்டம்? தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுமே, அதுவா?

மருமகன்: ஸ்பீக்கர் மாமா.

மாமா: கூரையிலா? முன்னால் மூணு நிற்கிறது, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, முதுகுப் பக்கம் ரெண்டு. மூலையில் என்ன, அரிசி டிரம்மா?

மருமகன்: அது சப்வூஃபர். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு. ஏழு புள்ளி ஒன்று புள்ளி நாலு என்று சொல்வார்கள்.

மாமா: வீட்டுக் கதவு நம்பர் மாதிரி இருக்கிறதே.

மருமகன்: காது மட்டத்தில் ஏழு, தலைக்கு மேலே நாலு. நடுவில் வருகிற ஒன்று சப்வூஃபர். 120 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள கனத்த சத்தம் மட்டும்தான் அந்தச் சேனலில், அதாவது அதற்கான தனித் தடத்தில், வரும். முழு அளவு கிடையாது என்பதால் முழு எண்ணும் கொடுக்கவில்லை, வெறும் புள்ளி ஒன்று.

மாமா: ஆள் எல்லோரையும்விடப் பெரிசு, கணக்கில் வெறும் புள்ளி. எங்கள் சங்கத்துப் பொருளாளர் மாதிரிதான். ஏலே, அம்மன் கோயில், ஆலமரம், குளத்தங்கரை, ஊர் முகப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து, மூணு நாள் கொடை விழாவுக்கு நான் கட்டுவதே எட்டுக் குழாய் ஸ்பீக்கர். பக்கத்து ஊர்க்காரன் சண்டைக்கு வந்துவிடுவான். நீ ஒருத்தன் கேட்கப் பன்னிரண்டா? எவ்வளவு ஆச்சு?

மருமகன்: நாலு லட்சம். வீட்டில் கேட்டால் ஒன்றரை.

மாமா: அக்காவிடம்?

மருமகன்: அம்மாவிடம், ஆபீசில் சும்மா கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

மாமா: நல்ல பிள்ளை. (சோபாவில் உட்காரப் போகிறார்)

மருமகன்: ஐயோ, அங்கே வேண்டாம் மாமா! தரையில் நீல டேப் ஒட்டியிருக்கிறது பாருங்கள், அந்த நாற்காலியில் உட்காருங்கள்.

மாமா: வாஸ்து பார்த்து ஒட்டியதா?

மருமகன்: எல்லா ஸ்பீக்கர் சத்தமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வந்து சேருகிற இடம் அதுதான். அரை அடி தள்ளி உட்கார்ந்தாலும் வித்தியாசம் தெரியும்.

மாமா: உன் வீட்டுக்காரி எங்கே உட்காருவாள்?

மருமகன்: சோபாவில்.

மாமா: அவளுக்கு என்ன கேட்கும்?

மருமகன்: இடது பக்கத்துப் பின் ஸ்பீக்கர் மட்டும் நன்றாகக் கேட்கும். பெரும்பாலும்... கச்சேரியில் வருகிற கைதட்டல்தான்.

மாமா: அதுவாவது கேட்கட்டும். வேறு யார் அவளுக்குக் கைதட்டப் போகிறார்கள்.

(மருமகன் காபி கொண்டுவருகிறான். மாமா டம்ளரை வைக்க இடம் தேடி, சப்வூஃபர் மேல் வைக்கிறார். மருமகனுக்கு உயிர் போய் வருகிறது.)

மருமகன்: இதை லேசாக மாட்டிவிடவில்லை மாமா. முக்காலியில் ஒரு குட்டி மைக்கை வைத்து, எட்டு இடத்தில் அளவெடுத்தேன். ஒவ்வொரு ஸ்பீக்கராகக் 'கூவ்வ்ப்' என்று கத்தும், ஆம்ப்ளிஃபயர் அதைக் கேட்டுத் தூரத்தைக் கணக்குப் போடும். அதுவரை வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது.

மாமா: யாரும் விடவில்லையா?

மருமகன்: குக்கர் விட்டது. 'சுற்றுப்புற இரைச்சல் அதிகம்' என்று எழுத்து வந்து நின்றுவிட்டது. அடுத்த நாள் முதலில் இருந்து ஆரம்பித்தேன், மேல் வீட்டில் மாவு ஆட்டினார்கள். கடைசியில் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து அளந்தேன். அப்போதும் ஏதோ ஓர் எச்சரிக்கை வந்தது. தூக்கக் கலக்கத்தில் 'ஸ்கிப்' அழுத்திவிட்டுப் படுத்துவிட்டேன்.

மாமா: சரி, போடு. அறுபதுகளில் வந்த பாட்டு ஒன்று போடு. என் கல்யாணத்துக்கு நானே ரெக்கார்டு போட்டேனே, அந்தப் பாட்டு.

(பாட்டு வருகிறது. மாமா கண்ணை மூடுகிறார். அப்புறம் எழுந்து, ஒவ்வொரு ஸ்பீக்கராகப் போய்க் காதை வைக்கிறார். கூரை எட்டவில்லை.)

மாமா: மருமகனே, நடுவில் டிவிக்குக் கீழே படுத்திருக்கிறதே, அதில் மட்டும்தான் பாட்டு வருகிறது. மற்றவன் எல்லாம் என்ன செய்கிறான்?

மருமகன்: அது மோனோ பாட்டு மாமா. இடது வலது ரெண்டிலும் ஒரே சத்தம்தான் பதிவாகியிருக்கும். பழைய பாட்டைப் பன்னிரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற சாஃப்ட்வேர், இடதும் வலதும் ஒன்றாக இருந்தால் 'இது நடு ஆளுடைய வேலை' என்று முடிவுகட்டி நடுவுக்கு மட்டும் அனுப்பிவிடும். கனத்த சத்தம் கொஞ்சம் சப்வூஃபருக்குப் போகும்.

மாமா: பன்னிரண்டு பேருக்குச் சம்பளம், ஒருத்தன் பாடுகிறான், ஒருத்தன் உம் கொட்டுகிறான், பாக்கிப் பத்துப் பேர் பராக்குப் பார்க்கிறான்! இதை நாங்கள் பஞ்சாயத்து ஆபீசிலேயே பார்த்துவிட்டோம்.

மருமகன்: (ரிமோட்டை அழுத்தி) வேண்டுமானால் 'மல்டி சேனல் ஸ்டீரியோ' போடலாம். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு வரும்.

(வீடு அதிர்கிறது. பன்னிரண்டிலும் ஒரே குரல்.)

மாமா: (முகம் மலர்ந்து) அடடே! இது நம்ம மைக் செட்!

மருமகன்: அதற்கா நாலு லட்சம் போட்டேன்! (நிறுத்துகிறான்) புதுப் பாட்டு போடுகிறேன், அதில்தான் விஷயம் இருக்கிறது. 2012இல் சினிமா தியேட்டருக்கு வந்த முறை இது, டால்பி அட்மாஸ். ஒவ்வொரு சத்தத்துக்கும் 'நீ இந்த இடத்தில் நில்' என்று குறிப்பு எழுதி அனுப்புவார்கள். வீட்டில் எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறதோ, அதற்குத் தகுந்தபடி ஆம்ப்ளிஃபயர் பிரித்துக் கொடுக்கும். 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக்கில் பாட்டுக்கும் வந்துவிட்டது. கூடுதல் காசுகூடக் கிடையாது.

மாமா: கூடுதல் காசு இல்லையா? அப்போ எங்கேயோ குறைத்திருப்பானே.

மருமகன்: (குரல் தணிந்து) அப்படிச் சொல்ல முடியாது... சிடியில் ரெண்டு சேனலுக்கு நொடிக்கு 1411 கிலோபிட் தகவல் வரும்.

மாமா: இதில்?

மருமகன்: எல்லாவற்றுக்கும் சேர்த்து 768.

மாமா: ரெண்டு இலைக்கு 1411 கரண்டி போட்டவன், பன்னிரண்டு இலைக்கு 768 கரண்டியா? எந்த மண்டபம் அது? மொய் எழுதாமல் வந்துவிடலாம்.

மருமகன்: அப்படி நேராகக் கணக்குப் போடக் கூடாது. காது கவனிக்காத பகுதியைக் கழித்துச் சுருக்கி அனுப்புகிறார்கள்.

மாமா: சாம்பாரில் தண்ணீர் விடுகிற சமையல்காரனும் இதைத்தான் சொல்லுவான். 'யாரும் கவனிக்க மாட்டார்கள் அண்ணாச்சி' என்று.

(புதுப் பாட்டு. பாடகர் முன்னால். தபேலா வலது தோளுக்குப் பின்னால். கோரஸ் கூரையில். ஒரு சலங்கை மட்டும் அறையைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. மாமாவின் தலையும் கூடவே சுற்றுகிறது.)

மாமா: தபேலாக்காரன் ஏன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்? கோபித்துக்கொண்டானா?

மருமகன்: அதுதான் மாமா அனுபவம். நாம் இசைக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறோம்.

மாமா: கச்சேரிக்குப் போனால் மேடைக்கு முன்னால் உட்காருவேன். மிருதங்கத்துக்கும் வயலினுக்கும் நடுவில் போய்ச் சம்மணம் போட்டால் செக்ரட்டரி வந்து கையைப் பிடித்து இழுத்துவிடுவார். (சட்டென்று கையை உயர்த்தி) பொறு, பொறு. இது நன்றாக இருக்கிறது! மேலே யாரோ கட்டிலை இழுக்கிற மாதிரியே ஒரு சத்தம். தத்ரூபம்!

மருமகன்: அது மேல் வீட்டுக்காரர் மாமா. கட்டிலைத்தான் இழுக்கிறார்.

மாமா: நாலு லட்சத்தில் அதுதான் தெளிவாக இருந்தது.

(மருமகன் பாட்டை நிறுத்திவிட்டு எதிரே தரையில் உட்காருகிறான். மனசு உடைந்தவன் வழக்கமாகச் செய்வது போல வரலாற்றைத் துணைக்கு அழைக்கிறான்.)

மருமகன்: இது நேற்று முளைத்த ஆசை இல்லை மாமா. 1970களிலேயே நாலு ஸ்பீக்கர் வைத்து 'குவாட்ரபோனிக்' என்று இசைத்தட்டு விட்டார்கள். எஸ்கியூ, கியூஎஸ், சிடி-4 என்று ஆளுக்கொரு முறை. ஒருத்தர் தட்டை இன்னொருத்தர் மிஷினில் போட்டால் நாலும் சரியாகப் பிரியாது. சிடி-4க்கு ஊசியே தனி ரகம் வேண்டும். ஜனங்கள் குழம்பிப்போய் ரெண்டு ஸ்பீக்கரே போதும் என்று திரும்பிவிட்டார்கள். இப்போது அந்தக் குழப்பம் இல்லை.

மாமா: மனுஷனுக்குக் காதே ரெண்டுதானே? அப்புறம் எதற்கு நாலும் பன்னிரண்டும்?

மருமகன்: அப்படி இல்லை. காது மடலில் இவ்வளவு மடிப்பு எதற்கு இருக்கிறது? முன்னால் வருகிற சத்தத்தை ஒரு விதமாகவும், பின்னாலும் மேலேயும் இருந்து வருவதை வேறு விதமாகவும் வடிகட்டி அனுப்பும். மூளை அதை வைத்துத்தான் திசை கண்டுபிடிக்கிறது.

மாமா: (தன் காதை மடித்துப் பார்த்து) திசை எனக்கும் தெரியும். குளத்தங்கரைக் குழாய்க்கும் கோயில் குழாய்க்கும் 170 மீட்டர். கோயில் வாசலில் நின்றால் ஒரே பாட்டு அரை நொடி தள்ளி மறுபடியும் வரும். புதுசாக வந்த பூசாரி, யாரோ பின்பாட்டுப் பாடுகிறார்கள் என்றே ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார். தள்ளி வந்தால் ரெண்டு பாட்டு. ஒட்டி வந்தால் காது முதலில் வந்த சத்தத்தின் பக்கம்தான் திரும்பும். இதற்கெல்லாம் நான் படிக்கவில்லை, ஏணியில் ஏறி இறங்கித் தெரிந்துகொண்டேன். சரி, அது கிடக்கட்டும். உன் முன்னால் இருக்கிற ரெண்டை மட்டும் வைத்து ஒரு பாட்டுப் போடு.

மருமகன்: ரெண்டு மட்டுமா? பழைய ஸ்டீரியோ மாதிரியா?

மாமா: போடு, சொல்கிறேன்.

(பாட்டு வருகிறது. மாமா நீல டேப்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். நெற்றி சுருங்குகிறது.)

மாமா: பாடுகிறவன் எங்கே நிற்கிறான்?

மருமகன்: (பெருமையுடன்) எங்கே என்றே சொல்ல முடியாது மாமா! அறை முழுக்கப் பரந்து நிற்கிறார். ரெண்டே ஸ்பீக்கரில் இப்படி விரிந்து வருகிறது பாருங்கள். நாலு மாசமாக இதைத்தான் ரசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாமா: பரந்து நிற்கவில்லை, ஆளே இல்லை. தவிலில் அடி கேட்கிறது, வயிறு கேட்கவில்லை. ஏலே, கறுப்பையும் சிவப்பையும் மாற்றி மாட்டியிருக்கிறாய்.

மருமகன்: வாய்ப்பே இல்லை. வயரிங் பண்ண வந்தவர் முப்பது வீடு செய்தவர்.

மாமா: பாவம், மற்ற இருபத்தொன்பது வீடு. ஒரு பென்சில் பேட்டரி கொடு.

(வீட்டில் பேட்டரி இல்லை. ரிமோட்டில் இருப்பதைத் தர மருமகனுக்கு மனசு வரவில்லை. மாமா நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அதில் இருந்ததை உருவிக்கொள்கிறார். கடிகாரத்தைத் திரும்ப ஆணியில் மாட்டுகிறார். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அதன் பின்னால் இருந்து முன் ஸ்பீக்கர் வயர்களைப் பிடுங்குகிறார்.)

மாமா: ஸ்பீக்கரின் முன் துணியைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கிற கூம்பைப் பார். சிவப்பு வயரில் பேட்டரியின் மூக்கு, கறுப்பில் அடி. தொட்டதும் கூம்பு வெளியே வந்தால் சரி. இது வலது. (தொடுகிறார்)

மருமகன்: 'டொப்.' வெளியே வந்தது.

மாமா: இது இடது. (தொடுகிறார்)

மருமகன்: ... உள்ளே போகிறது மாமா.

மாமா: இன்னொரு தடவை பார்.

மருமகன்: உள்ளேதான் போகிறது.

மாமா: ரெட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டைத் திருப்பிப் பூட்டியிருக்கிறாய். ஒருத்தன் முன்னால் தள்ளும்போது இன்னொருத்தன் பின்னால் இழுக்கிறான். நடுவில் குரலுக்கு நிற்க இடமில்லை, கனத்த சத்தம் ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது. அதைத்தான் நீ விரிவு என்று ரசித்தாய்.

(நீண்ட மௌனம்.)

மருமகன்: மாமா... அந்த ராத்திரி ரெண்டு மணி எச்சரிக்கை... 'ஃபேஸ்', அதாவது வயர் தலைகீழ் என்று என்னமோ போட்டிருந்தது.

மாமா: அழுத்தினாயே ஸ்கிப்.

(மாமா இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் மண்டியிட்டு வயரை மாற்றுகிறார். அதோடு நிற்கவில்லை. எழுந்து ஒரு தடவை கைதட்டுகிறார். வழுவழுத் தரையிலும் வெறும் சுவரிலும் பட்டு 'டிர்ர்ர்' என்று ஓசை நடுங்குகிறது.)

மாமா: கேட்டாயா? கிணற்றுக்குள் பாட்டு வைத்திருக்கிறாய். கல்யாணத்துக்குக் கொடுத்தோமே பவானி ஜமக்காளம், எங்கே?

மருமகன்: பரணில். பிரிக்கவே இல்லை.

மாமா: பிரித்து விரி. ஜன்னலுக்குத் துணி போடு. இந்த ரெண்டையும் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறாயே, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி. முன்னால் இழு. (தோள் துண்டை எடுத்து, இடது ஸ்பீக்கரில் இருந்து நாற்காலிக்கு அளக்கிறார்) நாலு துண்டு. அங்கே இருந்து? நாலு துண்டு. ரெண்டுக்கும் நடுவில்? மூணே முக்கால். இன்னும் கால் துண்டு நகர்த்து. மூணு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆச்சு, போடு.

(அதே பாட்டு. மருமகன் நாற்காலியில், மாமா பின்னால் நின்றுகொண்டு. முதல் வரி முடிவதற்குள் மருமகன் எழுந்து, டிவிக்குக் கீழே இருக்கும் நடு ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைக்கிறான்.)

மருமகன்: மாமா, இதில் சத்தமே வரவில்லை!

மாமா: வராது.

மருமகன்: ஆனால் இங்கேதான் நின்று பாடுகிறார்! நட்டநடுவில்! மூச்சு இழுப்பது கேட்கிறது!

மாமா: ரெண்டு காதுக்கும் ஒரே அளவு போனால் மூளை நடுவில் ஒரு ஆளை நிறுத்திக்கொள்ளும்.

மருமகன்: இது எனக்குத் தெரியும் மாமா. இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்பவர் 1931இலேயே இதற்குக் காப்புரிமை கேட்டுவிட்டார். நானே ஆபீசில் பத்துப் பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

மாமா: கேட்டதில்லை, அவ்வளவுதானே.

(மருமகன் ஜமக்காளத்தில் சாய்ந்துவிடுகிறான். கூரையில் நாலு வட்டமும் அவனையே பார்க்கின்றன.)

மருமகன்: அப்போ பாக்கிப் பத்தையும் விற்றுவிடவா?

மாமா: அவசரப்படாதே. உன் பெட்டியில் சுற்றி வைத்தே பதிந்த பாட்டு எதுவும் இல்லையா? ரெண்டுக்குச் செய்ததை அப்புறமாகப் பிய்த்து நாலு சுவரில் ஒட்டியது வேண்டாம்.

மருமகன்: ஒன்று இருக்கிறது. நார்வேயில் டூ எல் என்று ஒரு சின்னக் கம்பெனி. தேவாலயத்துக்குள் நடுவில் மைக்குகளை நட்டு, பாடுகிறவர்களையும் வாசிக்கிறவர்களையும் சுற்றி நிற்க வைத்துப் பதிவு செய்வார்கள். உங்களுக்குப் பிடிக்காது என்று போடவில்லை.

மாமா: வயர் எல்லாம் சரியாக இருக்கிறதா பார்த்துவிட்டுப் போடு.

(பாக்கி ஸ்பீக்கர்களுக்கும் பேட்டரி வைத்தியம் நடக்கிறது. கூரையில் ஒன்று மாறியிருக்கிறது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேட்டரியை மாமா சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். பிறகு பாட்டு. ஒரு பெண் குரல் முன்னால் எழுகிறது, இன்னொன்று பக்கத்தில், அப்புறம் எல்லாப் பக்கமும். யாரும் ஓடவில்லை, சுற்றவில்லை. குரல் மேலே போய்க் கல்லில் பட்டுத் திரும்பி வருகிறது. ஹாலுக்குச் சுவர் இல்லாமல் போகிறது. பாட்டு முடிந்தும் மாமா கண்ணைத் திறக்கவில்லை.)

மருமகன்: மாமா?

மாமா: உஷ். இன்னும் அடங்கவில்லை. (கொஞ்சம் பொறுத்து) நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில், சாயங்காலம் கூட்டம் இல்லாத நேரத்தில், உள்ளே ஓதுவார் தேவாரம் எடுப்பார். ஆள் தெரியாது. தூண் தூணாகத் தொட்டுக்கொண்டு வரும். எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றாது. இதில் ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் கட்டடம் புரிகிறது.

மருமகன்: (எழுந்து உட்கார்ந்து) அப்போ நாலு லட்சம்...

மாமா: இந்த மாதிரி எத்தனை பாட்டு வைத்திருக்கிறாய்?

மருமகன்: மூணு.

மாமா: ஒரு பாட்டுக்கு ஒன்றே கால் லட்சத்துக்கு மேலே. சோபாவைக் கொண்டுவந்து டேப் மேலே போடு, அவளும் கேட்கட்டும். கைதட்டலை நீ கேட்டுக்கொள். சரி, மூணையும் வரிசையாகப் போடு, நேரம் இருக்கிறது.

(மூன்றும் முடிகின்றன. அப்புறம் மாமா கல்யாணப் பாட்டை, ஒரே ஒரு ஸ்பீக்கரில், ரெண்டு தடவை கேட்கிறார். ஜன்னலுக்குப் போட்ட போர்வையால் வெளியே இருட்டியது யாருக்கும் தெரியவில்லை.)

மாமா: மருமகனே, கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு ஆட்டோவில் எவ்வளவு நேரம் ஆகும்?

மருமகன்: முக்கால் மணி நேரம் போதும் மாமா. (சுவரைப் பார்த்து) மணி நாலு ஐம்பதுதான் ஆகிறது.

மாமா: நான் காபி குடித்து முடித்தபோதும் நாலு ஐம்பதுதானே?

(இருவரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். மாமாவின் கை மெதுவாகச் சட்டைப் பைக்குப் போகிறது. மருமகன் செல்போனைத் தேடி எடுக்கிறான்.)

மருமகன்: எட்டு இருபத்தைந்து மாமா.

மாமா: (நாற்காலியில் திரும்ப உட்கார்ந்து, கால்களை நீல டேப்புக்கு நேராக வைத்துக்கொண்டு) அந்த நார்வேக்காரியை இன்னொரு தடவை போடு.